மதிலுக்கு இந்தப் பக்கம் தெற்றி, அந்தப் பக்கம் அரளி

செலின் போன வாரம் எனக்கு ஒரு படம் அனுப்பினாள். கடலோரத்தில் புதிதாகக் கட்டிய ஒரு கட்டிடம், அதைச் சுற்றி இடுப்பளவு மதில், மதிலடியில் வெறும் மணல். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் நாற்றங்காலின் பொறுப்பு அவளிடம்தான் இருக்கிறது. மதிலோரம் வேலிச்செடி வேண்டுமென்று கட்டிடக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். அவள் கைபேசியில் இருக்கும் செடிச் செயலியிடம் யோசனை கேட்டாள். அது, வருடம் முழுக்கப் பச்சையாக நிற்கும் செடிகள் என்று தெற்றியையும் அரளியையும் அடுத்தடுத்துப் போட்டு, இரண்டுக்கும் நாலரை நட்சத்திரம் கொடுத்திருந்தது.

“ரெண்டுக்கும் ஒரே மார்க்கு போட்டிருக்கு அண்ணே. எத வைக்க?” என்று போனில் கேட்டாள்.

நான் முக்கால் மணி நேரம் பேசினேன். கடைசியில் அவள், “இத அப்பிடியே எழுதித் தந்துருங்க. புதுசா வந்திருக்க பிள்ளையளுக்கும் காட்டுவேன்” என்றாள். எழுத உட்கார்ந்தபோதுதான் தெரிந்தது, இந்த இரண்டு செடிகளைப் பற்றி எழுதினால் என் முப்பத்து நாலு வருட வேலையில் பாதி அதற்குள் வந்துவிடுகிறது.

என் பெயர் காசிம். கோட்டாற்றில் வாப்பாவுக்கு ஜவுளிக்கடை. மூன்று ஆண்மக்களில் இரண்டு பேர் கடையில் நின்றார்கள். எனக்குக் கடையில் உட்கார்ந்தால் பதினோரு மணிக்கே தூக்கம் வரும். நாற்றங்காலில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். வேலை கிடைத்தது. “மண்ணு சொமக்கவா போற?” என்று வாப்பா கேட்டார். ஆமாம் என்றேன். முதல் எட்டு வருடம் அதைத்தான் செய்தேன். மண் கலந்தேன், பை நிரப்பினேன், தண்ணீர் விட்டேன், கம்பு வெட்டி நட்டேன். பிறகு பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று வெளியிடங்களில் தோட்டம் அமைத்துக் கொடுக்கும் பிரிவுக்கு என்னை மேஸ்திரியாகப் போட்டார்கள்.

தெற்றி என்று நாங்கள் சொல்வதை மற்ற ஊர்க்காரர்கள் இட்லிப்பூ என்பார்கள். கொத்துக் கொத்தாகச் சிவப்பாகப் பூப்பது. அதற்கும் அரளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கம்பு வெட்டி நடும்போதே கைக்குத் தெரிந்துவிடும். அரளிக் கம்பைப் பென்சில் கனத்தில் வெட்டி ஈரமணலில் குத்தி வைத்தால் மூன்று வாரத்தில் வேர்விடும். வெட்டிய இடத்தில் பால் வடியும். அந்தப் பால் விஷம். இலை, பூ, தண்டு எல்லாமே விஷம். வெட்டியதும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், கழித்த கம்பை எரிக்கவும் கூடாது, அந்தப் புகையும் ஆகாது. தெற்றி சாதுவான செடி, ஆனால் மெதுவானது. பாதி முற்றிய கம்பாகப் பார்த்து மழைக்காலத்தில் நிழலில் நட்டு, இரண்டு மாதம் தொடாமல் காத்திருக்க வேண்டும். பத்தில் ஆறு பிடித்தால் அன்றைக்கு டீ நான் வாங்கிக் கொடுப்பேன்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்திருந்தது. இருபத்தாறு வருட வேலைக்குப் பிறகும் இவ்வளவுதான். இது போதும் என்று நினைத்திருந்தேன். அப்போதுதான் நித்யா மேடம் எங்களுக்கு அதிகாரியாக வந்தார்.

அவருக்கு அப்போது இருபத்தேழு வயது. ஈரோட்டுப் பக்கம். என் மூத்த மகளைவிட ஒரு வயது இளையவர். கையில் ஒரு துணிப்பை வைத்திருப்பார். அதில் ஒரு குட்டிச் சீசா வினிகர், மூடியுள்ள இரண்டு கண்ணாடிக் குப்பி, பேனா மாதிரி ஒரு கருவி, ஒரு கரண்டி. சத்தம் போட்டு அவர் பேசி நான் கேட்டதில்லை. ஒரு இடத்துக்குப் போனால் முதலில் அங்கே வேலை செய்கிறவர்களிடம் பேசுவார், பிறகு மண்ணைத் தோண்டுவார், செடியைக் கடைசியில்தான் பார்ப்பார். நாம் எதைச் சொன்னாலும், “அது எப்படிங்கண்ணா தெரியும்?” என்று கேட்பார். குத்திக் காட்டுகிற கேள்வி இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பார். ஆனால் அம்பத்திரண்டு வயதில் அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது.

முதன்முதலாக உறைத்தது ஒரு அலுவலக மதிலடியில். அங்கே நான் ஒரு வரிசை தெற்றி வைத்திருந்தேன். ஒரு வருடமாகியும் முழங்கால் உயரம் தாண்டவில்லை. இலையெல்லாம் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை.

“ஏங்கண்ணா மஞ்சளா இருக்கு?”

“சத்து போதல மேடம். சாணி போட்டேன், யூரியாவும் போட்டாச்சு.”

“சத்து போதலைன்னு எப்படிங்கண்ணா தெரியும்?”

“மஞ்சளா இருக்குல்லா.”

அவர் சிரித்துவிட்டார். நானும் யோசித்துப் பார்த்துச் சிரித்தேன். பிறகு செடியடியில் கரண்டியால் தோண்டி ஒரு பிடி மண் எடுத்து, மதில் மேல் வைத்து, அதில் வினிகரை நாலு சொட்டு விட்டார். “காது வச்சுக் கேளுங்க” என்றார். குனிந்து கேட்டேன். மண் புசுபுசுவென்று பொரிந்தது. மதில் கட்டியபோது விழுந்த சிமெண்டும் காரையும் அப்படியே மண்ணுக்குள் கிடந்திருக்கிறது. தெற்றிக்குப் புளிப்பு மண் வேண்டும். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் எத்தனை உரம் கொட்டினாலும் அதனால் இரும்பை எடுக்க முடியாது, அதனால்தான் வெளிறுகிறது என்று விளக்கினார். அன்றைக்கே அன்னபேதி என்னும் இரும்பு உப்பை வாங்கி, தண்ணீரில் கரைத்து, எலுமிச்சம்பழம் பிழிந்து இலையில் தெளித்தோம். பிறகு வேரடி மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினோம். மூன்றாவது வாரம் புதுத்தளிர் பச்சையாக வந்தது. அதே இடத்தில் அரளி வைத்திருந்தால் சுண்ணாம்பைப் பற்றிக் கவலையே பட்டிருக்காது.

வீட்டுக்கு வந்து என் மனைவி ஜமீலாவிடம், “மண்ணு பேசுது தெரியுமா?” என்றேன். “இருவத்தாறு வருசம் கேக்காம இருந்தியளாக்கும்” என்றாள்.

அதற்கு நேர்மாறாக ஒன்று நடந்தது. கீரிப்பாறை போகும் வழியில் கல்ஃபிலிருந்து திரும்பி வந்த ஒருவர் வீடு கட்டியிருந்தார். துபாயில் சாலை நடுவே வெயிலில் வெந்துகொண்டே பூக்கும் அரளியைப் பார்த்துப் பார்த்து ஆசைப்பட்டு, இங்கே இரண்டு பலாமரத்துக்கு அடியில், ஓடையோரச் சதுப்பில் நாற்பது அரளி நட்டுவிட்டார். எங்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எல்லாம் ஒல்லிக்குச்சியாக வெளிச்சம் தேடி வளைந்து நின்றன. ஒரு பூ இல்லை.

“பாலைவனத்துல பூக்குது, இங்க இவ்வளவு வெள்ளம் ஊத்தியும் பூக்கல்லியே, என்ன சவம் செடி இது?” என்றார் அவர்.

“தண்ணிய நிப்பாட்டிட்டு, பலாமரத்தையும் வெட்டணும். வெட்டுவீங்களா?” என்று மேடம் கேட்டார்.

மனிதர் பதறிவிட்டார். நல்ல வருக்கைப் பலா. கடைசியில் அரளியை எடுத்துவிட்டுத் தெற்றி வைத்தோம். மலையடிச் செம்மண், பாதி நாள் வெயில், பாதி நாள் நிழல், எப்போதும் ஈரம், ஆனால் தேங்காதபடி மேடு கட்டிய பாத்தி. தெற்றிக்கு அதைவிடச் சுகமான இடம் கிடையாது. வரும்போது எங்கள் ஜீப்பில் முழுப் பலாப்பழம் ஒன்றை ஏற்றிவிட்டார்.

இந்த இரண்டு வெற்றியும் எனக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்தது. அந்த நேரத்தில்தான் பிலோமி டீச்சர் வந்தார்.

ராஜாக்கமங்கலம் பக்கம், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், பார்வையில்லாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் ஒரு சின்னப் பள்ளி. பதினெட்டுப் பிள்ளைகள். பிலோமி டீச்சர்தான் தலைமையாசிரியை, கடற்கரை ஊரிலேயே பிறந்தவர். பள்ளியின் கடல் பக்க மதிலை ஒட்டி, உள்ளே, ஆள் உயரத்துக்கு மேல் பழைய செவ்வரளி வரிசை ஒன்று நின்றது. அந்தப் பக்கம் பிள்ளைகளை விடுவதில்லை. இப்போது அந்த இடத்தில் பிள்ளைகள் தனியாக நடந்து பழக ஒரு பாதை போட வேண்டும், பாதையோரம் கையால் தடவிக்கொண்டே போக ஒரு செடி வேண்டும் என்று டீச்சர் ஆசைப்பட்டார்.

“தெற்றி வேணும் சார். நாங்க சின்னதுல அந்தப் பூவ உருவித் தேன் குடிப்போம். இந்தப் பிள்ளையளும் அதக் குடிக்கட்டும்” என்றார்.

அதைக் கேட்டதும் மேடம் அரளியைத் திரும்பிப் பார்த்தார். பூவை வாயில் வைக்கப் பழகிய பிள்ளைகள் அரளிப் பூவையும் வைக்கலாம். உள்ளே அரளி இருக்கக் கூடாது என்றார். அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

“எப்ப எடுக்கலாம்ணா?”

“ஒரே நாள்ல எடுத்திரலாம் மேடம். மழ தொடங்குகதுக்கு முந்தி தெற்றிய வச்சிரலாம்” என்று சொன்னது நான்தான்.

அப்படியே செய்தோம். வைகாசிக் கடைசியில் அரளியை வேரோடு எடுத்தோம். நூற்றெட்டுத் தெற்றி நட்டோம். ஒரு பிள்ளைக்கு ஆறு செடி. ஒவ்வொரு பிள்ளையும் சமையல்கட்டு வாசலிலிருந்து எத்தனை எட்டில் தன் செடி இருக்கிறது என்று எண்ணி வைத்துக்கொண்டது. ஜெபா என்று ஒரு பத்து வயதுப் பெண், தன் ஆறு செடிக்கும் ஆறு பெயர் வைத்தாள். எல்லாமே பலகாரத்தின் பெயர்.

ஆடிக்காற்று வந்தது. அதுவரை அந்த அரளி வரிசை வாங்கிக்கொண்டிருந்த உப்புக்காற்று முழுவதும் இப்போது நேராக உள்ளே அடித்தது. இடுப்பளவு மதில் அதற்கு ஒரு தடையே இல்லை. போதாக்குறைக்குப் பள்ளியின் ஆழ்குழாய்த் தண்ணீரும் உப்பு. முதலில் இலையின் ஓரம் கருகியது, பிறகு பாதி இலை, பிறகு முழுச் செடி. ஒரு மாதத்தில் ஒன்பது செடி மிச்சம்.

நான் போய்ப் பார்த்த அன்று ஜெபா பாதையில் உட்கார்ந்திருந்தாள். என் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவாள்.

“செடி மாமா, எனக்க முறுக்கு நொறுங்குது” என்றாள். அவள் கையில் காய்ந்த இலைத்தூள் இருந்தது.

அன்று மதியம் கொண்டுபோன சாப்பாட்டை நான் திறக்கவில்லை. அரளி அத்தனை வருடமாக அங்கே என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று நான் யோசித்துப் பார்த்திருக்க வேண்டும். உப்பையும் காற்றையும் வறட்சியையும் தாங்கும் செடி அது. மெழுகு பூசியது போன்ற தடித்த இலை அதற்கு இருப்பதே இதற்காகத்தான். தெற்றிக்கு அந்தச் சட்டை கிடையாது. ஒன்றை எடுத்துவிட்டு அதே இடத்தில் மற்றொன்றை நிறுத்தினேன். இரண்டும் பச்சைதானே என்று நினைத்ததுபோல ஆகிவிட்டது.

மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. என் பெயர் அதில் இருக்கும் என்று தயாராக இருந்தேன். மேடம் எழுதியதை என்னிடம் படிக்கக் கொடுத்தார். ‘காற்றுத் தடுப்பை அகற்றுமுன் மாற்று ஏற்பாடு செய்யப்படவில்லை. முடிவு என்னுடையது’ என்று இருந்தது.

“மேடம், ஒரே நாள்ல எடுக்கலாம்னு சொன்னது நானாக்கும்.”

“சொன்னது நீங்கங்கண்ணா. கேட்டுட்டுச் சரின்னது நான். காத்து எந்தப் பக்கம்னு நான் கேக்கவே இல்ல” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. அடுத்த மூன்று நாள் அந்தப் பள்ளியிலேயே இருந்தோம். காலை, மதியம், மாலை காற்று எங்கே அடிக்கிறது, எங்கே சுழல்கிறது என்று துணிக்கீற்றுகளைக் குச்சியில் கட்டிப் பார்த்தோம்.

இரண்டாவது முறை எப்படிச் செய்தோம் என்பதைச் செலினும் மற்றவர்களும் கவனமாகப் படிக்க வேண்டும். முதலில் அரளிக்கு இடம் கொடுத்தோம். மதிலுக்கு வெளியே கடல் பக்கம் பள்ளிக்குச் சொந்தமான மணல் பத்தடி அகலத்துக்குக் கிடந்தது. அங்கே இரண்டு வரிசை அரளிக் கம்பு நட்டு, சுற்றிக் கம்பி வேலி போட்டு, விஷச்செடி என்று பெரிய எழுத்தில் பலகை வைத்தோம். அவற்றுக்கிடையே புன்னைக் கன்றும் வைத்தோம். அது வளர நாளாகும். அரளிக்கு வேறெதுவும் செய்யவில்லை. வேர் பிடிக்கும்வரை தண்ணீர், பிறகு அதன்பாடு. முழு வெயிலில் அது மளமளவென்று ஏறியது.

மதிலுக்கு உள்ளே தென்னோலைத் தட்டி கட்டினோம். அரளி உயரும்வரை அதுதான் மறைப்பு. தெற்றி இந்த முறை பதினெட்டே பதினெட்டு. ஒரு பிள்ளைக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டடிக் குழி. சிப்பித்தூள் கலந்த கடல் மணலை முழுவதும் அள்ளி வெளியே போட்டுவிட்டு, மலையடிவாரச் செம்மண்ணும் இலைமக்கும் கலந்து நிரப்பினோம். மேடம் ஒவ்வொரு குழியிலும் வினிகர் விட்டுக் காது வைத்துக் கேட்டார். பிள்ளைகளும் கேட்டார்கள். “ஒண்ணும் கேக்கல்ல” என்று பதினெட்டுக் குழியிலும் சந்தோஷமாகச் சொன்னார்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் கூடாது. கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டினோம். செடிகளைக் காற்று நேராகத் தொடாதபடி முன்பக்கமும் ஒரு தட்டி வைத்தோம். நாலு புறமும் ஓலை, மேலே வானம், உள்ளே செடி. வெளியே நின்று பார்த்தால் செடி இருப்பதே தெரியாது.

பலத்த காற்று அடித்த மறுநாள் இலையில் படிந்த உப்பைக் கழுவ வேண்டும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தோம். ஆளுக்கொரு குவளை மழைத்தண்ணீர், ஒரு துண்டு பஞ்சு. தட்டியின் இடைவெளியில் கையை விட்டு ஒவ்வொரு இலையாகத் துடைப்பார்கள். தெற்றிக்கு இலை இரண்டிரண்டாக எதிரெதிரே வரும், காம்பு இருப்பதே தெரியாது, அகலமாக இருக்கும். வெளியிலிருந்து நான் ஓர் அரளிக் கிளையைக் கையுறை போட்டுக் கொண்டுவந்து, பால் வடிந்து காய்ந்த பிறகு, ஒவ்வொரு பிள்ளையையும் தொடவைத்தேன். இலை நீளம், விறைப்பு, ஒரு கணுவில் மூன்று. தொட்டதும் எல்லாரையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைத்தேன். “மூணு எல இருந்தா கிட்டப் போகப்பிடாது” என்று பிள்ளைகளே அதை ஒரு பாட்டாக்கி, பாதையில் நடக்கும்போதெல்லாம் பாடிக்கொண்டு திரிந்தார்கள்.

செடிகள் பிழைத்தன. அடுத்த ஆடியும் தாண்டின. ஆனால் பூக்க இன்னும் ஆறு மாதமாவது ஆகும் என்று நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

புரட்டாசியில் ஒரு காலை, பத்து மணி இருக்கும். நாற்றங்காலில் பை நிரப்பிக்கொண்டிருந்தேன். பிலோமி டீச்சர் போன் செய்தார்.

“காசிமண்ணே, ஜெபா வாயில பூவு. செவப்பு. முந்தாநாத்து காத்துல அரளிக் கொம்பு ஒண்ணு முறிஞ்சு மதிலுக்கு இந்தப் பக்கம் சாஞ்சு கெடந்திருக்கு, நாங்க பாக்கல்ல. பிள்ளையத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போறேன்.”

மேடம் தன் ஸ்கூட்டரை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். வழியெல்லாம் அந்தக் கம்பி வேலியையும் பலகையையும் நினைத்துக்கொண்டேன். காற்று வேலியையும் பார்க்காது, பலகையையும் படிக்காது. அரளியைத் திரும்பவும் கொண்டுவரச் சொன்னதும் நாங்கள்தான்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஜெபாவைக் கட்டிலில் படுக்க வைத்து, நெஞ்சில் ஒயர் ஒட்டி, கையில் ஊசி ஏற்றியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஆம்புலன்ஸுக்கும் சொல்லியாகிவிட்டது. டாக்டர் இளவயது. “எந்தச் செடின்னு உறுதியாத் தெரியணும்” என்றார்.

“அரளி இல்ல டாக்டரே, எனக்கத் தெற்றி” என்று ஜெபா சொன்னாள். வந்ததிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். யாரும் நம்பவில்லை. எப்படி நம்புவார்கள்? தெற்றி பூக்க ஆறு மாதம் ஆகும் என்று சொன்னவன் நான்.

டீச்சர் கைக்குட்டையை அவிழ்த்தார். பிள்ளையின் வாயிலிருந்து எடுத்தது. கசங்கிய சிவப்புத் துணுக்கு ஒன்று. ஒரு தட்டில் தண்ணீர் கேட்டு வாங்கி, துணுக்கை அதில் மிதக்க விட்டேன். கசங்கியது மெல்ல விரிந்தது. ஊசி போல மெலிந்த நீண்ட குழல். அதன் முனையில் இதழ். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது இல்லை. அரளிக்கு ஐந்து இதழ், வாய் அகலம், குழலுக்குள் கிழித்துவிட்டாற்போல் நார் இருக்கும்.

“தெற்றி டாக்டர்” என்றேன்.

டாக்டர் மேடத்தைப் பார்த்தார். மேடம் தட்டில் குனிந்து பார்த்துவிட்டு, “அண்ணா சொல்றது சரி. ஆனா பூத்திருக்கான்னு நேர்ல பாக்கச் சொல்லணும்” என்று டீச்சரின் போனை வாங்கினார். பள்ளியில் சமையல் செய்யும் லீலாம்மாவை ஓலைத் தட்டிக்குள் தலையை விட்டுப் பார்க்கச் சொன்னார். நாங்கள் எல்லாரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் ஓலை சரசரக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஏழாமத்த செடி அம்மா,” என்றார் லீலாம்மா. “அன்னா கெடக்கு ஒரு கொல. ஒரு மூணு பூவ யாரோ உருவியிருக்கு. மற்ற செடியில ஒண்ணும் இல்ல.”

ஏழாவது செடி ஜெபாவினுடையது. முறிந்து கிடந்த அரளிக் கொம்பையும் பார்க்கச் சொன்னார் மேடம். அதில் இலைகூட உதிரவில்லை, அதன் பக்கம் கால் தடமும் இல்லை என்றார் லீலாம்மா.

பிலோமி டீச்சர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். “ஏட்டி, பூத்திருக்குன்னு ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?”

“நுனியில ஊசி மொன மாதிரி தட்டுப்பட்டுது டீச்சர். பத்து நாளா தொட்டுத் தொட்டுப் பாத்தேன். நேத்து கொல முழுக்க விரிஞ்சிருந்தது. சொன்னா எல்லாரும் வந்துருவாவல்லா.”

“அரளின்னு பயந்து போயிட்டோமே மக்கா.”

“மூணு எல இருந்தா கிட்டப் போகப்பிடாதுன்னு எனக்குத் தெரியாதாக்கும்?” என்றாள். உண்மையிலேயே கோபம் அவளுக்கு. பத்து நாள் காத்திருந்து குடித்த தேனை முழுவதும் விழுங்கவிடாமல் வாயிலிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

டாக்டர் நல்ல மனிதர். பூவை அடையாளம் கண்டு ஆம்புலன்ஸை வேண்டாமென்ற பிறகும் மாலை வரை அவளை இருத்திப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். அதற்குள் நானும் மேடமும் பள்ளிக்குப் போய், முறிந்த கொம்பை அப்புறப்படுத்தி, அரளி மதிலைத் தாண்டி வராதபடி எல்லாவற்றையும் தோளுயரத்துக்கு வெட்டிக் கவாத்து செய்தோம். வருடத்துக்கு இரண்டு முறை இதைச் செய்ய வேண்டும் என்று மேடம் வேலைப் பட்டியலில் சேர்த்தார். இன்றுவரை நடக்கிறது.

நாலரை மணிக்கு ஆட்டோவில் ஜெபா வந்து இறங்கினாள். பிள்ளைகளுக்கு விஷயம் முழுவதும் தெரிந்துவிட்டது. பதினேழு பேரும் ஏழாவது செடிக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். ஜெபாதான் வரிசையை நடத்தினாள். முதலில் குலையைத் தொட வேண்டும், பிறகு நுனியைப் பிடித்து ஒரே ஒரு பூவை மேலே இழுக்க வேண்டும், குழலின் அடியை நாக்கில் வைக்க வேண்டும், உறிஞ்ச வேண்டும். ஒவ்வொருவரும் உறிஞ்சிவிட்டுச் சப்புக்கொட்டிப் பார்ப்பார்கள். தேன் கொஞ்சம்தான் இருக்கும், கவனித்தால்தான் தெரியும். ஒரு பையன், “எனக்கு வரல்ல” என்று சொல்லி, இரண்டாவது பூ வாங்கிக்கொண்டான். உடனே எல்லாருக்கும் வராமல் போனது.

பிலோமி டீச்சருக்கு ஒன்று, லீலாம்மாவுக்கு ஒன்று, ஆட்டோக்காரருக்கு ஒன்று. மேடம், “நான் இதுவரைக்கும் குடிச்சதில்லை” என்றார். அவர் ஊரில் பார்த்ததெல்லாம் தொட்டியில் வைத்த செடிதானாம். ஜெபா அவர் கையைப் பிடித்து, பூவை விரலில் வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். மேடம் கண்ணை மூடிக்கொண்டு உறிஞ்சினார். கண்ணைத் திறந்ததும் இன்னொன்றுக்குக் கை நீட்டினார். நானும் குடித்தேன். அதற்குள் குலை மொட்டையாகிவிட்டது.

நான் கத்தரியை எடுத்துக் குலைக்காம்பை இரண்டு கணு கீழே வெட்டினேன். அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

“செடிய வெட்டிட்டியளா மாமா?” என்று ஜெபா கேட்டாள்.

“தெற்றி நுனியிலதான் பூக்கும் மோளே. பூத்து முடிஞ்ச நுனிய வெட்டினா, இந்தா தொட்டுப் பாரு, இந்த ரெண்டு பக்கத்துலருந்தும் ரெண்டு கெள வரும். ரெண்டு நுனி.”

அவள் வெட்டிய இடத்தைத் தடவிப் பார்த்தாள். “அப்பம் அடுத்தாட்டி ரெண்டு கொல.”

“ஆமா.”

“அத வெட்டினா?”

“நாலு.”

“எட்டு” என்றது பின்னால் ஒரு குரல். “பதினாறு” என்றது இன்னொன்று. பாதையில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, ஓலைத் தட்டியைக் கையால் தடவிக்கொண்டு, பதினெட்டுப் பேரும் கத்திக்கொண்டே நடந்தார்கள். முப்பத்திரண்டுக்கும் அறுபத்து நாலுக்கும் சிரமமில்லை. நூற்றிருபத்தெட்டில் ஒரு சண்டை வந்து தீர்ந்தது. நாங்கள் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டும்போது ஆயிரத்து இருபத்து நாலு குலை பூத்திருந்தது.